யாட் கிளப்பில் சேராமல் பாய்ப்படகு பழக முடியுமா?

3 நவம்பர், இரவு 9.40 | செந்தூல்வாசி

மகளுக்கு 10 வயது. நிற்காமல் 200 மீட்டர் நீந்துவாள். பாய்ப்படகு பழக வேண்டும் என்கிறாள். வீட்டில் இதை வைத்து வாக்குவாதம். என் அண்ணன் சொல்வது: "யாட் கிளப் வெள்ளைக்காரன் குடிக்கக் கட்டிய இடம். 1851இல் அமெரிக்கா கோப்பையோடு ஆரம்பித்தது. கப்பலில் பிள்ளைகளுக்குப் பாய்மரப் பயிற்சி கொடுப்பதும் அதன் வால்தான். நமக்கு எதற்கு?" இது சரியா? கிளப்பில் சேராமல் பழக வழி உண்டா? நாங்கள் இருப்பது கோலாலம்பூர், தாத்தா வீடு பினாங்கு ஜெலுத்தோங்கில்.

4 நவம்பர், காலை 6.15 | வாடைக்காற்று, பினாங்கு

ஆண்டிலிருந்து தொடங்குவோம். 1851இல் நடந்தது ஒரு பந்தயம். நியூயார்க் யாட் கிளப்பின் 'அமெரிக்கா' என்ற படகு வைட் தீவைச் சுற்றி ஓடி ஆங்கிலேயப் படகுகளை முந்தியது. அந்தக் கிளப்பே 1844இல் உண்டானது. பந்தயம் வைத்த ராயல் யாட் ஸ்குவாட்ரன் 1815. தேம்ஸ் நதியில் கம்பர்லண்ட் ஃபிளீட் 1775. எல்லாவற்றுக்கும் மூத்தது அயர்லாந்தில் கார்க் துறைமுகத்தின் வாட்டர் கிளப், 1720. இன்று அதன் பெயர் ராயல் கார்க் யாட் கிளப். ரஷ்யாவின் பீட்டர் மன்னர் 1718இல் நேவா நதியில் கூட்டிய படகுப்படையைக் காட்டி அவர்கள் மூப்புக் கேட்பதும் உண்டு. மன்னர் ஆணையிட்டுக் கூடிய கூட்டத்தை நான் கிளப் என்று எண்ண மாட்டேன். உறுப்பினர்கள் தாமாகச் சேர்ந்து தமக்குத் தாமே விதி எழுதிக்கொள்வதுதான் கிளப்.

நம் பக்கத்துக்கு வந்தால் சிங்கப்பூர் யாட் கிளப் 1826, நியூயார்க்குக்கு 18 ஆண்டு மூத்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒன்றாகச் சேர்த்ததும் அதே ஆண்டு. அப்போது தலைநகர் பினாங்கு. பம்பாய் 1846. சென்னை 1911.

4 நவம்பர், காலை 6.40 | வாடைக்காற்று

குடி பற்றி. கார்க் கிளப்பின் பழைய விதிகள் இன்றும் இருக்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அமாவாசை, பௌர்ணமிப் பெருநீர் தோறும் கூட வேண்டும். விருந்து கொடுப்பவர் இரண்டு இறைச்சி வகைக்கு மேல் வைக்கக் கூடாது, இரண்டு டஜனுக்கு மேல் ஒயின் கொண்டுவரக் கூடாது. நீளவால் பொய்முடி கூடாது. ஆக விருந்து இருந்தது, அதற்கு வரம்பும் இருந்தது. கடலில் அவர்கள் செய்தது பந்தயம் இல்லை. கொடிச் சைகை பார்த்து எல்லாப் படகும் ஒன்றாகத் திரும்புவது, வரிசை கட்டுவது, பிரிவது. இன்று பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக ஓட்டவிட்டு விசில் அடித்ததும் எல்லோரையும் திருப்பச் சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே பயிற்சி.

அண்ணன் கோபத்துக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல மாட்டேன். காலனிக் காலத்துக் கிளப்புகள் பல ஆசியருக்குக் கதவடைத்தன. பம்பாய் கிளப் இந்தியரை நெடுங்காலம் சேர்க்கவில்லை. அந்த அநியாயத்தைப் பேசத்தான் வேண்டும். ஆனால் படகை அவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று நாமே ஒப்புக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. நாகப்பட்டினம், நாகூர்ப் பக்கமிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்துப் பினாங்குக்கு வந்து, வடகிழக்குக் காற்றில் திரும்பிய கப்பல்கள் இங்கே கிளப் வருவதற்கு முன்பே ஓடின. துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கிய தொங்கான்களில் தமிழ் முஸ்லிம்கள் வேலை செய்தார்கள். ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவை நடந்து பார்த்தாலே தெரியும்.

4 நவம்பர், மதியம் 1.05 | லுமுட் பாய்மரம்

வாடைக்காற்று அண்ணே, "வால்" என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்கிறேன். பாய்மரப் பயிற்சி யாட் கிளப்பிலிருந்து பிறக்கவில்லை. அது சரக்குக் கப்பலிலிருந்தும் கடற்படையிலிருந்தும் வந்தது.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல் மேலோங்கியது. பாய்க்கப்பலின் வருமானம் சுருங்கியது. ஆனாலும் அதிகாரியாகப் போகிறவன் பாய்க்கப்பலில் பழகியிருக்க வேண்டும் என்ற விதியைப் பல நாடுகள் விடவில்லை. அதனால் பயிற்சிக்கென்றே கப்பல் கட்டினார்கள். நார்வேயில் சோர்லாண்டெட் 1927, டென்மார்க்கில் டான்மார்க் 1933, அதே ஆண்டு ஜெர்மனியில் கோர்ச் ஃபோக். கடலுக்கே போகப்போகாத பிள்ளைகளையும் ஏற்றலாம் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. கர்ட் ஹான் என்ற கல்வியாளரும் புளூ ஃபனல் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட்டும் 1941இல் வேல்ஸில் அபர்டோவி ஊரில் அவுட்வர்டு பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். 1950களில் அது லுமுட்டுக்கு வந்தது, இன்றும் நடக்கிறது. 1956இல் டார்பேயிலிருந்து லிஸ்பனுக்குப் பயிற்சிக் கப்பல்களின் முதல் பந்தயம். இப்போது டால் ஷிப்ஸ் பந்தயம் என்று நடப்பது அதன் தொடர்ச்சி. அதில் ஓடும் கப்பலின் ஆட்களில் பாதிப் பேராவது 15இலிருந்து 25 வயதுக்குள் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கென்று இருப்பது துனாஸ் சமுத்ரா என்ற பயிற்சிக் கப்பல். இரண்டு பாய்மரம் உள்ள பிரிகன்டைன், ஏறக்குறைய 44 மீட்டர். கோலின் மூடி வரைந்தார், லோஸ்டாஃப்டில் புரூக் யாட்ஸ் கட்டியது, 1989இல் சேவைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் யங் எண்டவர் அதன் உடன்பிறப்பு. கொச்சியில் இருக்கும் இந்தியக் கடற்படையின் தரங்கிணியும் அதே மனிதர் வரைந்ததுதான், அதற்கு மூன்று மரம்.

4 நவம்பர், இரவு 8.20 | செந்தூல்வாசி

அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "பிரிகன்டைன் என்றால் என்ன, பிள்ளைகளை மரத்தில் ஏற்றுவார்களா, அது ஆபத்தில்லையா" என்று கேட்கிறார். எனக்கும் அதே பயம்தான்.

5 நவம்பர், அதிகாலை 5.50 | லுமுட் பாய்மரம்

முன்மரத்தில் குறுக்குக் கழிகளில் சதுரப் பாய், பின்மரத்தில் கப்பலின் நீளவாக்கில் பாய். அதுதான் பிரிகன்டைன். முன்மரத்தில் பாயைக் கட்டவும் அவிழ்க்கவும் ஆள் மேலே ஏற வேண்டும், நீளப் பாயை எல்லாம் தளத்தில் நின்றே இழுக்கலாம். புதியவர்களை வைத்துக்கொண்டு ஓட்ட இந்தக் கலவை வசதி.

மேலே ஏறுவதற்குச் சில விதிகள் உண்டு, காரணத்தோடு சொல்கிறேன். காற்று வரும் பக்கத்து ஏணியில்தான் ஏற வேண்டும். கப்பல் சாய்ந்திருப்பதால் அந்தப் பக்கம் ஏணி சரிவாக இருக்கும், காற்றும் உங்களை ஏணியோடு சேர்த்து அழுத்தும். கையால் பிடிப்பது நெடுங்கயிறுகளை மட்டும். குறுக்குப்படி அறுந்தால் கால்தான் போகும், கை போகக் கூடாது. கழியின் கீழே தொங்கும் கால்கயிற்றில் கால் வைக்குமுன் உரக்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் மிதித்ததும் ஏற்கெனவே நிற்பவரின் காலடியில் கயிறு எழும்பும். கழியை அடைந்ததும் முதல் வேலை இடுப்புவாரின் கொக்கியை மாட்டுவது, பாய் பிறகு. சட்டைப் பையில் எதுவும் இருக்கக் கூடாது, போன் உட்பட. யாரையும் வற்புறுத்தி ஏற்றக் கூடாது; தளத்தில் கயிறு இழுப்பவன் இல்லாமல் மேலே இருப்பவனால் ஒன்றும் செய்ய முடியாது.

10 வயதுக்கு இது இல்லை, சகோதரி. அந்த வயதுக்கு 2.36 மீட்டர் படகு போதும். அதை வாடைக்காற்று சொல்வார்.

5 நவம்பர், காலை 7.10 | வாடைக்காற்று

ஆப்டிமிஸ்ட். 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்தது. நீளம் 2.36 மீட்டர், வெற்றுடல் 35 கிலோ, பாய் 3.3 சதுர மீட்டர். 15 வயது வரைதான் போட்டி. 2010இல் இதன் உலகப் போட்டி லங்காவியில் நடந்தது. 2015 கடைசியில் அங்கேயே இளையோர் உலகப் போட்டியும் நடந்தது. ஆகவே தூரத்து விளையாட்டு என்று நினைக்க வேண்டாம்.

கிளப்பில் சேராமல் பழக முடியுமா என்பதற்கு என் பதில்: முடியும். காப்புப் படகு இல்லாமல் முடியாது. எங்கே சேர்ப்பது என்று பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நீரில் எத்தனை பிள்ளைகள், எத்தனை இயந்திரப் படகு என்று எண்ணுங்கள். ஆறு ஆப்டிமிஸ்டுக்கு ஒரு காப்புப் படகு, அதில் இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, ஒருவர் பிள்ளையைத் தூக்க. ஓட்டுபவரின் காலிலோ கையிலோ இயந்திரத்தை நிறுத்தும் கயிறு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டாமல் ஓட்டும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். ஆள் தவறி விழுந்து படகு தானாகச் சுற்றினால் புரொப்பெல்லர் முதலில் வருவது நீரில் இருக்கும் பிள்ளையிடம்தான்.

உயிர்காப்புச் சட்டை: நன்றாக நீந்தும் பிள்ளைக்கு 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) மிதவைச் சட்டை, கால் இடுக்கு வாரோடு. போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், மோவாய்க்கு மேல் ஏறினால் பெரிது. "வளருவாள்" என்று ஓர் அளவு கூட்டி வாங்காதீர்கள். தானாக ஊதிக்கொள்ளும் வகை சிறு படகுக்கு ஆகாது. கவிழ்ந்ததும் ஊதி, பாயின் அடியில் மாட்டிய பிள்ளையை வெளியே வர விடாது.

5 நவம்பர், காலை 7.45 | வாடைக்காற்று

படகில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டியவை. மூன்று காற்றுப் பைகள், இறுக்கமாக ஊதி வாரால் கட்டியவை. முந்தின இரவு ஊதி வைத்துக் காலையில் அமுக்கிப் பார்த்தால் ஓட்டை தெரியும். மரம் படகோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கவிழும்போது மரம் கழன்றால் அதன் அடிமுனை படகின் தரையைக் குத்திப் பிளக்கும். முன்னால் 8 மீட்டர் மிதக்கும் கயிறு. தண்ணீர் இறைக்கும் குவளை, கயிற்றில் கட்டியது. ஒரு துடுப்பு.

பாய் ஏற்றியபின் அதன் சுருக்கத்தைப் படியுங்கள். மரத்தின் உச்சிப் பக்கத்திலிருந்து பாயின் பின்கீழ் மூலைக்குக் கோடு விழுந்தால் ஸ்பிரிட் கழி (பாயின் மேல்நுனியைத் தூக்கிப் பிடிக்கும் சாய்ந்த கழி) தளர்ச்சி, இழுக்க வேண்டும். பாயின் மேல்நுனியிலிருந்து மரத்தடிக்குக் கோடு விழுந்தால் இறுக்கம் கூடிவிட்டது, விட வேண்டும். மரத்துக்கும் பாய்க்கும் நடுவே 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது.

மெயின்ஷீட்டை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, எங்கும் கட்டிவைக்கப் பழக்காதீர்கள். பயந்தால் கையை விடு, பாய் படபடக்கும், படகு நிற்கும். முதல் நாள் பாடம் அதுதான்.

6 நவம்பர், இரவு 10.30 | செந்தூல்வாசி

நன்றி அண்ணே. கவிழ்ந்தால் என்ன செய்வாள்? தாத்தா வீட்டுப் பக்கம் ஜெலுத்தோங், குளுகோர்க் கரை எல்லாம் சேறு.

7 நவம்பர், காலை 6.30 | வாடைக்காற்று

சேறு பற்றிக் கேட்டது நல்லது. முதலில் பொதுவான முறை: படகை விட்டு நீந்திப் போகக் கூடாது, என்ன ஆனாலும். மெயின்ஷீட்டை விட வேண்டும். படகின் அடிப்பக்கம் சுற்றி வந்து டேகர்போர்டை (படகின் நடுவே நீருக்குள் இறக்கும் பலகை) பிடித்துத் தொங்க வேண்டும், எடை போதாவிட்டால் ஏறி நிற்க வேண்டும். படகு நிமிரும். பக்கவாட்டில் ஏறி, உடனே இறைக்க ஆரம்பிக்க வேண்டும். பாதி நிறைந்த ஆப்டிமிஸ்ட் ஓடாது, நிமிர்ந்ததும் மறுபடி கவிழும்.

சேற்றில் மரத்தின் தலை குத்தி நின்றுவிட்டால் டேகர்போர்டில் ஏறிக் குதிப்பது வீண். மரம் வளையும், அல்லது மரம் நிற்கும் குழி பிளக்கும். காப்புப் படகு வந்து, மரம் எந்தத் திசையில் புதைந்ததோ அதே நேர்க்கோட்டில் வெளியே உருவ வேண்டும். நீர் வற்றும் நேரம் கரையை ஒட்டி ஓட்டாமலிருப்பதே வழி.

அடுத்தது நீரோட்டம். பினாங்கு நீரிணையில் பெருநீர் நாளில் ஓட்டம் 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்தைத் தாண்டும். மெல்லிய காற்றில் ஆப்டிமிஸ்டின் வேகமும் சுமார் 2 நாட்தான். பிள்ளை அழகாக ஓட்டுவாள், கரையில் உள்ள தென்னை மட்டும் நகராது. அதனால் முதலில் ஓட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும், திரும்பும்போது நீர் கொண்டுவந்து சேர்க்கும். பாலத்துத் தூண்களில் நீரோட்டம் வந்து மோதும் பக்கம் எந்தப் பிள்ளையையும் விடக் கூடாது, நீர் தூணோடு சேர்த்து அழுத்தும்.

இந்தக் காரணத்தால் முதல் சில வாரம் ஏரியே நல்லது. கோலாலம்பூரில் இருக்கும்போது புத்ராஜெயா மாதிரி ஏரியில் கயிறும் திருப்பமும் பழகட்டும். கட்டடங்களுக்கு நடுவே காற்று விட்டு விட்டு, திசை மாறி வரும், கண் வேகமாகப் பழகும். ஓட்டத்தை ஏரி கற்றுத்தராது, அதற்குக் கடலுக்கு வர வேண்டும்.

7 நவம்பர், காலை 6.55 | லுமுட் பாய்மரம்

சுமாத்ராக் காற்றை எழுதுங்கள் அண்ணே. நான் பெரிய கப்பல் பக்கத்தைச் சொல்கிறேன். 1932 ஜூலை 26இல் ஜெர்மனியின் பயிற்சிக் கப்பல் நியோபே ஃபேமார்ன் தீவருகே திடீர்ச் சூறையில் கவிழ்ந்தது, 69 பேர் இறந்தார்கள். கோடைநாள், புழுக்கம், பக்கச் சாளரமும் தளக்கதவும் திறந்திருந்தன. சாய்ந்ததும் நீர் உள்ளே போனது, சில நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பதிலாகத்தான் கோர்ச் ஃபோக்கைக் கட்டினார்கள், அடியில் நிறைய நிலைப்படுத்தும் எடை வைத்து. 1957 செப்டம்பர் 21இல் பாமிர் என்ற இன்னொரு ஜெர்மன் பயிற்சிக் கப்பல் மூழ்கியது. பார்லியை மூட்டையாக அடுக்காமல் பெரும்பகுதி கொட்டி ஏற்றியிருந்தார்கள், புயலில் தானியம் ஒருபக்கம் சரிந்தது. 86 பேரில் 6 பேர் பிழைத்தார்கள்.

இங்கே எப்போதும் வெக்கை, எப்போதும் எல்லாவற்றையும் திறந்து வைக்கத் தோன்றும். மேற்கே இருட்டினால் முதலில் கதவை மூடு, பிறகு பாயைக் குறை. இந்த வரிசை மாறக் கூடாது.

7 நவம்பர், காலை 7.30 | வாடைக்காற்று

சுமாத்ரா: ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவு முதல் காலை வரை, மேற்கிலிருந்து வரிசையாக வரும். 40 நாட் வேகத்துக்கு மேலும் வீசும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஜார்ஜ் டவுன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. 833 மீட்டர் உயரப் பினாங்கு மலை மேற்கு வானத்தை மறைக்கும். கறுப்பு மேகம் மலை முகட்டைத் தாண்டித் தெரியும்போது உங்களுக்கு அதிக நேரம் இருக்காது. அதனால் காலை வகுப்புக்கு முன் மழை ராடாரைப் பார்ப்பது பயிற்சியாளரின் கடமை. அவர் பார்த்தாரா என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

மாட்டிக்கொண்டால் ஆப்டிமிஸ்டில் பாயை இறக்க நேரம் இருக்காது. ஸ்பிரிட் கழியின் கயிற்றை விட்டால் பாயின் மேல்பாதி மடிந்து விழும், பரப்பு சுமார் பாதியாகும். டேகர்போர்டை முழுதும் தூக்க வேண்டும். முன்கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, பிள்ளைகள் பின்பக்கம் உட்கார, மெதுவாக இழுத்துவர வேண்டும். டேகர்போர்டை இறக்கியபடி இழுத்தால் படகு பக்கவாட்டில் ஓடிக் கவிழும்.

இடி கேட்டால் எல்லோரும் கரைக்கு. கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி நீருக்கு. மரம் அலுமினியம், திறந்த நீரில் அதுதான் உயரம்.

9 நவம்பர், மாலை 5.15 | செந்தூல்வாசி

அண்ணன் இப்போது "கிளப்பால் ஒரு பயனும் இல்லையா அப்போ" என்று கட்சி மாறிக் கேட்கிறார்.

9 நவம்பர், இரவு 9.00 | வாடைக்காற்று

இருக்கிறது. விதி. ஆளுக்கொரு கிளப், கிளப்புக்கொரு விதி என்றிருந்ததால் படகுகள் மோதின, வழக்குக்கும் போயின. 1875இல் இங்கிலாந்துக் கிளப்புகள் சேர்ந்து ஒரே விதி செய்தன, 1907இல் அது பன்னாட்டு அமைப்பானது. இன்று வேர்ல்டு செய்லிங் என்கிறோம். வலப்பக்கக் காற்றில் வரும் படகுக்கு இடப்பக்கக் காற்றில் வரும் படகு வழிவிட வேண்டும். ஒரே பக்கக் காற்றில் அருகருகே வந்தால் காற்று முதலில் தொடும் படகு ஒதுங்க வேண்டும். பந்தயத் தொடக்கம் 5, 4, 1, 0: ஐந்து நிமிடத்தில் வகுப்புக் கொடி (படகு வகையின் கொடி) ஏறும், நான்கில் ஆயத்தக் கொடி ஏறும், ஒன்றில் ஆயத்தக் கொடி இறங்கும், பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கும். கொடிதான் கணக்கு, ஒலி கேட்காவிட்டாலும் செல்லும். உங்கள் மகள் லங்காவியில் ஓட்டினாலும் கார்க்கில் ஓட்டினாலும் இதேதான்.

இன்னொன்று, தூரப் பந்தயம். கிள்ளான் துறைமுகத்தில் ராயல் சிலாங்கூர் யாட் கிளப் 1990 முதல் ராஜா மூடா பந்தயத்தை நடத்துகிறது. கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு, லங்காவி. பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று. இரவில் கரைப்பக்கம் ஒதுங்கினால் காற்று கிடைக்கும், கூடவே மீன்வலையும் கிடைக்கும். இதை நூலில் படித்துப் பழக முடியாது. நடத்துவதற்கு நடுவர், குறிமிதவை, காப்புப் படகு, கணக்கு எல்லாம் வேண்டும். அவற்றைத் தனி ஆள் திரட்ட முடியாது, ஒரு கிளப் திரட்டும். படகில் ஆள் குறையும் நேரம் உறுப்பினர் அல்லாதவரையும் ஏற்றுவார்கள், அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதி வைக்கலாம். 16 வயதுக்குமேல் அதை யோசியுங்கள்.

10 நவம்பர், காலை 6.20 | வாடைக்காற்று

பழைய ஆப்டிமிஸ்ட் வாங்கும் எண்ணம் இருந்தால்: நிறுத்துப் பாருங்கள். 35 கிலோ இருக்க வேண்டியது 39, 40 காட்டினால் தரையின் நடுவிலுள்ள நுரை நீர் குடித்துவிட்டது, காயவைத்தும் பயன் இல்லை. மரம் நிற்கும் குழியைச் சுற்றிக் கட்டைவிரலால் அமுக்குங்கள், மெத்தென்று இருந்தால் வேண்டாம். படகுக்குள் நாலு வாளி தண்ணீர் ஊற்றி, டேகர்போர்டு பெட்டியின் அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். பாயை வெயிலில் பிடித்துத் தையலை நகத்தால் கீறுங்கள். நம் வெயிலில் துணிக்கு முன் நூல்தான் போகும், நூல் பொடிந்தால் மறுதையல் செலவைக் கழித்துப் பேசுங்கள். ஓட்டியபின் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

10 நவம்பர், காலை 6.35 | லுமுட் பாய்மரம்

பினாங்குக் கரையில் பெட்டி ஜெல்லிமீன் உண்டு. முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை. காப்புப் படகில் ஒரு போத்தல் வினிகர் இருக்க வேண்டும். கொட்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. 30 வினாடியாவது வினிகரை ஊற்றி, பிறகு ஒட்டியிருக்கும் இழையை எடுத்து, நேராக மருத்துவமனை. மூச்சுத் திணறினால் இழைக்காகக் காத்திருக்காதீர்கள்.

10 நவம்பர், இரவு 8.50 | செந்தூல்வாசி

சனிக்கிழமை ஓர் ஏரிப் பயிற்சிக்குப் போய்ப் பார்க்கிறோம். காப்புப் படகை அண்ணனே எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். 50 நியூட்டன் சட்டையில் 30 கிலோ பிள்ளைக்கு எந்த அளவு?

10 நவம்பர், இரவு 9.15 | வாடைக்காற்று

சட்டையின் உள்பக்கச் சீட்டில் எடை வரம்பு அச்சிட்டிருக்கும். 30 கிலோ அந்த வரம்பின் நடுவே விழும் சட்டையை எடுங்கள், கீழ்விளிம்பில் விழுவதை வேண்டாம். கடையிலேயே வாரை மாட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.